சில்லறைத் தொல்லைகள்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிப் புறப்பட்ட பேருந்து ஒன்றில் ஏறி, நடத்துநரிடம் ஒரு தாட்காசை நீட்டினேன். அவர் பிரயாணச்சீட்டைக் கிழித்து, அதன் முதுகில் ‘20’ என்று எழுதி, “மிச்சம் இறங்கேக்கை வாங்குங்கோ” என்று கூறிவிட்டு அப்பாற் சென்றார். அந்தச் சிறு கடதாசித்துண்டு என் கையில் வந்த கணம் முதலாக என் பிரயாணத்தின் நோக்கமே மாறிப்போயிற்று. வல்லைவெளியில் வீசிய காற்றை நான் அனுபவிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பழைய மாணவி தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. என் நினைவெல்லாம் அந்த இருபது ரூபாவிலேயே நின்றது. கேட்பதற்கு நாணம், விட்டுவிடுவதற்கோ மனமில்லை. இறங்கும் இடம் வந்தபோது நான் முன்வாயிலில் நின்றேன். நடத்துநர் பின்வாயிலில் நின்றார். நமக்கிடையே அறுபது பேர் நின்றார்கள். பேருந்து போய்விட்டது. சீட்டு மட்டும் என்னிடம் எஞ்சியது.

சில்லறை என்ற சொல்லுக்கு நம்மவர் மாற்றுக்காசு என்றும் அற்பம் என்றும் இரு பொருள் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்று வீடு போய்ச் சேரும்வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டதும் அவ்வகையான அற்பத் தொல்லைகளைப் பற்றியே. அவற்றுள்ளும் பிரயாணத்தில் நேர்வனவும், பேச்சில் நேர்வனவுமே என் பொருள். இவ்விரண்டும் வேறு வேறு என்றுதான் நானும் முன்பு கருதியிருந்தேன். ஆனால் வழி தவறியவர்களை விசாரித்தால், அவர்களுட் பெரும்பாலோர் முதலில் ஒரு சொல்லைத் தவறவிட்டவர்களாயிருப்பதைக் காணலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துன்பம் வேறு, தொல்லை வேறு. 1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிரதம் நின்றபோது நான் பல்கலைக்கழகம் புகும் வயதினள். அதன்பின் தெற்கே போகவேண்டியவர்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே, விளக்கணைத்த வள்ளத்தில், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். கடந்தவர்களுள் நானும் ஒருத்தி. மறுகரை அடையாதவர்களும் உண்டு. 2002 ஏப்பிரிலில் கண்டி வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அக்காலங்களில் நடத்துநர் மிச்சம் தரவில்லை என்று எவரும் முறையிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபோது, மேடையில் நின்று கண் கலங்கிய முதியோர் பலர். அவர்களே சில மாதம் கழிந்ததும், இருக்கை கடினம், தேநீர் ஆறிவிட்டது என்று குறைகூறத் தொடங்கினார்கள். அதைக் கேட்க எனக்கு ஒருவகை மகிழ்ச்சியாகவே இருந்தது.

இனித் தொல்லைகளுக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பிரயாணமும் ‘வெளிக்கிடுதல்’ என்னும் வினையோடு தொடங்குகிறது. இந்தச் சொல்லைப் போல் மனிதரை ஏமாற்றிய சொல் வேறொன்று உண்டோ என்பது ஐயம். சேலை உடுக்கத் தொடங்குவதும் வெளிக்கிடுதல்தான். உடுத்து முடிந்து கண்ணாடியின் முன் நிற்பதும் வெளிக்கிடுதல்தான். படலையைத் தாண்டி வீதிக்கு வருவதும் வெளிக்கிடுதல்தான். ஆகவே, சந்தியிலே காத்து நிற்கும் நாம் தொலைபேசியில் அழைத்து, “வெளிக்கிட்டாச்சோ?” என்று வினவ, அவர், “ஓமோம், வெளிக்கிட்டாச்சு” என்று மனமறிந்த பொய் எதுவுமின்றி விடையளிக்கிறார். நாம் அவரைச் சந்திக்கு நூறு யார் தூரத்தில் கற்பனை செய்கிறோம். அவரோ முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறார். இதிலே குற்றம் அவருடையதா, வினைச்சொல்லினுடையதா என்று தீர்ப்பளிக்க இலக்கண ஆசிரியராலும் இயலாது. பேருந்துத் தரிப்பிடத்தில் ‘இப்ப வரும்’ என்று சொல்லப்படும் ‘இப்ப’வும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பேருந்தில் ஏறிவிட்டோம் என்று கொள்வோம். அங்கே ‘றைற்’ என்ற குரல் எழுகிறது. அது வலப்பக்கத்தையும் குறிக்கவில்லை. சரி என்பதையும் குறிக்கவில்லை. ‘போ’ என்று மட்டுமே குறிக்கிறது. ஆங்கிலேயர் போன பின்னும் அவர்களுடைய சொல் ஒன்று நம் பேருந்துகளைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ” என்பது அடுத்த மந்திரம். உள்ளே இடமில்லை என்பது நடத்துநருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தும் அவர் சொல்ல நாமும் அரை அடி நகர்கிறோம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்தது. என்னை வழக்கமாக ‘ரீச்சர்’ என்பார்கள். அறியாதவர்கள் ‘அக்கா’ என்றார்கள். பின் ஒருநாள் ‘அன்ரி’ என்றார்கள். அதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் மீசை அரும்பிய ஓர் இளைஞர், இருக்கையிலிருந்து மரியாதையாக எழுந்து, “ஆச்சி, இதிலை இருங்கோ” என்றாரே, அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்த உபகாரத்தை ஏற்பதா, அந்தச் சொல்லை மறுப்பதா என்று ஒரு கணம் தடுமாறினேன். முழங்கால் வலி வென்றது, இருந்தேன். அவர் செய்தது நற்செய்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்று முழுவதும் அவர்மேல் எனக்குக் கோபமாகவே இருந்தது.

அடுத்தது இறங்கும் இடங்களின் பெயர்கள். நமது குடாநாட்டில் தரிப்பிடங்களுட் பல ‘அடி’ என்று முடிவன. ஆலடி, அரசடி, புளியடி, நாச்சிமார் கோவிலடி என்று எத்தனையோ. பேருந்துக்குள் “புளியடி இறக்கம்!” என்று குரல் கேட்கிறது. இறங்கிப் பார்த்தால் புளியும் இல்லை, அதன் நிழலும் இல்லை. ஒரு தொலைபேசிக் கடையும், ஒரு வங்கிக்கிளையும் நிற்கின்றன. வீதி அகலித்தபோது வீழ்ந்த மரங்களும் உண்டு. போர்க்காலத்தில் வீழ்ந்த மரங்களும் உண்டு. மரம் போனபின்பும் அதன் அடியிலே நாம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறோம். முப்பது ஆண்டு கழித்துக் கனடாவிலிருந்து வந்த ஒருவர், தாம் பிறந்த ஊரின் சந்தியைத் தாண்டிப் போய்விட்டு நடத்துநரோடு வழக்காடியதை நான் கண்டிருக்கிறேன். அவர் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நடத்துநரோ மரம் நின்றதை அறியாத வயதினர். இருவரும் சொன்னது ஒரே பெயர். இருவருடைய பக்கமும் நியாயம் இருந்தது. இறுதியில் அவர் அரைக் கட்டை தூரம் தம் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

ஓர் ஊருக்கு இரு பெயர் இருப்பது இன்னொரு சிக்கல். தமிழில் ஊர்காவற்றுறை, ஆங்கிலத்தில் கேய்ற்ஸ். தமிழில் நெடுந்தீவு, ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதற்கு டெல்வ்ற் என்று பெயரிட்டுப் போனார்கள். பருத்தித்துறை ஆங்கிலத்தில் பொயின்ற் பீற்றோ ஆயிற்று. ஆனையிறவு மட்டும் ஆங்கிலத்திலும் தன் யானையைக் கைவிடாமற் காப்பாற்றிக்கொண்டது. வழிகாட்டிப் புத்தகத்துடன் வரும் அந்நியர் ஒருவர், டெல்வ்ற் செல்லும் படகு எங்கே என்று தரிப்பிடத்தில் விசாரிக்கிறார். அத்தீவிலேயே பிறந்து வளர்ந்த மூதாட்டி, அப்படி ஓர் ஊர் இங்கு இல்லை என்று மனச்சாட்சிக்கு விரோதமின்றிச் சொல்கிறார்.

வழிகேட்போருக்கு நாம் சொல்லும் விடையும் கவனிக்கத்தக்கது. தொல்காப்பியர் அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துக்களை வகுத்தார். உகரச்சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. நம்மிடையே இன்றும் உயிரோடிருக்கிறது. இதனை வகுப்பறையில் எத்தனையோ முறை பெருமையோடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் வீதியிலே நின்று வழிகேட்பவருக்கு அந்தப் பெருமையால் ஆவது யாது? “உதிலைதான்” என்கிறோம். உது என்பது அண்மையும் அன்று, சேய்மையும் அன்று, நடுத்தரமானது. அந்த நடுத்தரம் நூறு யாராகவும் இருக்கும். இரண்டு கட்டையாகவும் இருக்கும். கையால் அல்லாமல் நாடியால் திசை காட்டுவதும் நம்மவர் வழக்கமாதலால், உது எந்தப் பக்கத்து உது என்பதும் தெளிவாவதில்லை.

தமிழரும் தமிழருமே ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் நிற்பதும் உண்டு. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பின், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக நானும் சென்றுவந்தேன். அங்கே முச்சக்கரவண்டிச் சாரதியிடம், “தம்பி, ஆறுதலாகப் போங்கோ” என்றேன். எங்கள் வழக்கில், அவசரமின்றிப் போக என்பது பொருள். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஏதோ துக்கவீட்டுக்குப் போகிறவள் என்று கருதினார் போலும். வண்டியின் வேகம் குறையவில்லை. ஆனால் பாட்டுப்பெட்டியை மட்டும் நிறுத்திவிட்டார். இன்னொருநாள், “வழியிலே ஒரு பொலிஸ்காரர் என்னைப் பேசிப்போட்டார்” என்று உறவினரிடம் கூறினேன். பேசியதில் என்ன பிழை என்று அவர்கள் வியந்தார்கள். நமக்குப் பேச்சு என்றால் ஏச்சு. வாயைத் திறந்து உரையாடுவதற்கு நாம் ‘கதைத்தல்’ என்கிறோம்; அவர்களுக்கோ கதைப்பது என்றால் பொய் புனைவது. இத்தொல்லைகள் சிரிப்போடு முடிகின்றன. வேறு சில அவ்வாறு முடிவதில்லை.

யாழ்தேவி என்னும் புகையிரதம் முதன்முதலில் ஓடியது 1956 ஏப்பிரில் மாதத்தில். சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது அதே ஆண்டு யூன் மாதத்தில். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்க ஒன்று வந்த ஆண்டிலேயே, அதனைக் கூட்டவும் ஒன்று வந்தது. 1958 சனவரியில் பேருந்துகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அவ்வாண்டில் இலக்கத்தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த பேருந்துகள் வடக்கே வந்தன. இங்கே அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மேல் தார் பூசினார்கள். அதைத் தொடர்ந்து வந்த கலவரத்தின் கதையை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாம் ஓரெழுத்திலிருந்து வளர்ந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது, வேர்கள் ஆழமானவை. ஆயினும் பேருந்தின் நெற்றியிலிருந்த ஓரெழுத்து மனிதரை எவ்வளவு நோகச்செய்யும் என்பதற்கு அந்த ஆண்டு சான்று.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. இன்று பேருந்துப் பலகைகளில் மூன்று மொழியும் உண்டு. ஆனால் தமிழ் இருப்பது வேறு. தமிழ் சரியாயிருப்பது வேறு. பேருந்து ஒன்றிலே கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின்மேல் ‘தாய்’ என்பதில் தகரம் நகரமாகிவிட்ட செய்தி சில ஆண்டுகளுக்கு முன் நாடெங்கும் பேசப்பட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்னர், நிறைமாதத்துப் பெண் ஒருத்தி அந்த எழுத்தின்கீழ் இருந்து பிரயாணம் செய்வதை எண்ணிப் பார்த்தேன். அதன்பின் சிரிப்பு வரவில்லை. இதைச் செய்தவருக்கு வன்மம் இருந்திருக்கும் என்று நான் கருதவில்லை. தகரத்துக்கும் நகரத்துக்கும் வேற்றுமை ஒரு சிறு வளைவே. தமிழ் தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்து வரைவதுபோல் பார்த்து வரைந்திருக்கிறார். வரைந்தபின் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. என் மனத்தைத் தைத்தது அதுவே. அச்சுத்தொழிலில் உள்ள என் பழைய மாணவர் ஒருவர் இன்னொரு காரணமும் சொன்னார். சில கணினிச் செயலிகள் தமிழ் எழுத்துக்களை ஒழுங்காகச் சேர்க்க அறியாதன. அவற்றில் இட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாமற் பின்னே போய் நிற்கும். தமிழறியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து எழுத்தெழுத்தாய்ப் பிழைபார்த்த நாட்டில், கொம்பு பின்னால் நிற்கும் பலகையின்கீழ் நாம் பேருந்துக்குக் காத்திருக்கிறோம்.

இவ்வளவும் பிறரைக் குறைகூறியது. இனி என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு. எங்கள் அயலிலுள்ள பெண் ஒருத்தி தன் மகளைத் தென்பகுதி வைத்தியசாலை ஒன்றுக்குச் சிகிச்சைக்காகக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. படித்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது என்று என்னை அழைத்தாள். நானும் போனேன். திரும்பும்போது இரவு, பெருநகர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் யாழ்ப்பாண வண்டிக்குக் காத்திருந்தோம். பிள்ளைக்கு மருந்தின் களைப்பு. தாயின் மடியில் படுத்திருந்தாள். ஒலிபெருக்கியில் இருமுறை ஏதோ அறிவித்தார்கள், சிங்களத்தில் மட்டும். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் நேரம் மாறவில்லை. அரை மணித்தியாலம் கழித்துக் கச்சான் விற்கும் சிறுவன் ஒருவன் வந்து, “அம்மா, யாழ்ப்பாணமா? அந்த பஸ் அங்கிட்டு வெளிய இருந்து போயிருச்சே, இப்பதான் சொன்னாங்க” என்று மலையகத் தமிழில் சொன்னான். அன்றைய இறுதி வண்டி அது. விடியும்வரை அந்த வாங்கிலேயே இருந்தோம். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அந்தத் தாய் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. “உங்களுக்கும் விளங்கேல்லையோ, ரீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

தமிழில் அறிவிக்காதது அவர்களின் பிழைதான். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அதை எழுத்தில் முறையிட்டேன், பதில் வரவில்லை. ஆனால் கச்சான் விற்கும் பிள்ளைக்கு இரண்டு மொழி தெரிந்திருக்க, கலைப்பட்டதாரியாகிய எனக்கு ஒன்றுதானே தெரிந்திருந்தது என்ற எண்ணமும் என்னை விடவில்லை. 2007 யூலைக்குப் பின் அரசசேவையில் சேர்ந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சிபெற வேண்டும் என்று விதியுண்டு. நான் அதற்கு முன் சேர்ந்தவள். அந்த விதி என்னைக் கட்டவில்லை. அந்த வசதியை இவ்வளவு காலமும் அனுபவித்தேன். திரும்பி வந்தபின், எங்கள் பாடசாலையில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையிடம் அனுமதி பெற்று, ஆறாந்தரப் பிள்ளைகளின் வகுப்பில் கடைசி வாங்கில் கிழமைக்கு இருமுறை இருக்கத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு அது பெரும் வேடிக்கை. சொல்வதெழுதலில் எனக்கு விழுந்த பிழைகளை அவர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

கற்றதைப் பயன்படுத்த ஒருநாள் வாய்த்தது. தீவகத்துப் பாடசாலை ஒன்றில் பரீட்சை மேற்பார்வைக்காக ஊர்காவற்றுறைப் பேருந்தில் ஏறினேன். பண்ணைப்பாலம் கழிந்து சற்றுத் தூரம் போனதும், எனக்கு முன்னிருந்த சிங்களப் பெண்கள் இருவர் அங்குமிங்கும் பார்த்துக் கலங்குவதைக் கண்டேன். ஒருவர் மிகவும் முதியவர். வெள்ளை உடை, கையிலே பூத்தட்டு. நயினாதீவு விகாரைக்குப் போகிறவர்கள். அதற்குக் குறிகட்டுவான் பேருந்தில் ஏறியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத் தரிப்பிடத்தில் ஒருவரைக் கேட்டார்களாம். அவர் நாடியால் காட்டி ‘உது’ என்றாராம். உது பின்னால் நின்ற வண்டி. இவர்கள் முன்னால் நின்றதில் ஏறிவிட்டார்கள். நடத்துநருக்குச் சிங்களம் தெரியாது. பேருந்திலுள்ளோர் எல்லோரும் உதவ விரும்பினார்கள். எல்லோரும் தமிழிலேயே, மேலும் மேலும் உரத்த குரலில் உதவினார்கள். காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் உரத்துச் சொன்னால் மொழி விளங்கிவிடும் என்ற நம்பிக்கை வடக்கிலும் தெற்கிலும் பொதுவானது.

நான் எழுந்து, வேலணைச் சந்தியில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்று சொல்ல முயன்றேன். சிங்களத்தில் இறங்குவதற்கு ‘பஹின்ன’ என்பார்கள். ஏசுவதற்கு ‘பனின்ன’ என்பார்கள். நான் உறுதியான குரலில், “மெத்தன பனின்ன ஓனே” என்றேன். இங்கே நீங்கள் ஏசவேண்டும் என்பது அதன் பொருள். இளையவள் திகைத்து என்னைப் பார்த்தாள். முதியவர் ஒரு கணம் யோசித்தார்; பின் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ‘பஹின்ன’ என்று இருமுறை எனக்குச் சொல்லித்தந்தார். நானும் இருமுறை திருப்பிச் சொன்னேன். சந்தி வந்ததும் நடத்துநரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, “பஹின்ன! பஹின்ன!” என்று கூவினார், பூத்தட்டை வாங்கிப் பிடித்து, முதியவரைக் கைதாங்கி இறக்கினார். பின்னால் வந்த குறிகட்டுவான் வண்டியைக் கைகாட்டி மறித்து, அவர்களை ஏற்றிவிட்ட பின்பே ‘றைற்’ சொன்னார்.

நான் இறங்கவேண்டிய இடம் அடுத்த தரிப்பு. பேச்சின் சுவாரசியத்தில் அதைத் தாண்டிவிட்டேன். அவசரமாக இறங்கி, பாடசாலைக்கு வெயிலிலே திரும்பி நடக்கும்போதுதான் கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். அதன் முதுகில் ‘30’ என்று எழுதியிருந்தது.